ஒர்த்தோனாவில் மத்தியானம் கோவில் சாத்தியிருக்கும்

கோவில் வாசலில் நாங்கள் போய் நின்றபோது மணி பன்னிரண்டே முக்கால். சென்னையிலிருந்து ரோம், ரோமிலிருந்து பெஸ்காரா, அங்கிருந்து ஒர்த்தோனா என்று ஒன்றரை நாள் பயணம். பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு முகம்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வந்திருந்தோம். கதவு பூட்டியிருந்தது. அம்மா கைப்பிடியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். "என்னடி இது, சாமிக்கே லஞ்ச் டைமா?"

இத்தாலிக்குப் போகிறவர்கள் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்றுதான் போவார்கள். ஒர்த்தோனா எந்தப் பட்டியலிலும் வராது. ரோமுக்கு நேர் கிழக்கே, மலையைத் தாண்டி, அட்ரியாட்டிக் கடலோரத்தில் அப்ருட்ஸோ மாநிலத்தில் இருக்கிற சின்னத் துறைமுக ஊர். நாங்கள் அங்கே போனதற்கு ஒரே காரணம்தான். எங்கள் வீடு சாந்தோமில் இருக்கிறது. அம்மாவுக்கு ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம் எல்லாமே சாந்தோம் பேராலயத்தில்தான். பிள்ளைகளுக்கு இருபது வருஷம் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவள். இயேசுவின் சீடர் தோமையார் மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது அவளுக்குத் தன் வீட்டு விலாசம் மாதிரி. அவருடைய எலும்புகளில் பெரும்பகுதி இத்தாலியில் இருக்கிறது என்று ஒரு நாள் பூசைக்கு அப்புறம் யாரோ சொல்ல, வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள். "அப்ப இத்தனை வருஷமா நாம வெறும் குழிகிட்டயா ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தோம்?"

வெறும் குழி இல்லை. சாந்தோமில் கல்லறையும், ஒரு சிறு எலும்புத் துண்டும், ஓர் ஈட்டி முனையும் இருக்கின்றன. மற்றவை மயிலாப்பூரிலிருந்து இன்றைய துருக்கியில் இருக்கும் எதெஸ்ஸாவுக்கும், அங்கிருந்து ஏஜியன் கடலில் இருக்கும் கியோஸ் தீவுக்கும் போனதாக மரபு சொல்கிறது. 1258இல் ஒர்த்தோனாவின் கப்பல்தலைவர் லியோனே அச்சாயுயோலி கியோஸிலிருந்து அவற்றை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். எடுத்துக்கொண்டு என்பது மரியாதையான சொல். கொள்ளையடித்துக்கொண்டு என்றும் சொல்லலாம். அந்தக் காலத்தில் புனிதர்களின் எலும்புகள் அப்படித்தான் ஊர் விட்டு ஊர் போயின. 1953இல் ஒர்த்தோனாவிலிருந்து ஒரு கை எலும்பு கொடுங்களூருக்கு வந்தது. அதாவது கேரளத்துக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. "நமக்கு?" என்றாள் அம்மா. பயணம் அன்றைக்கே முடிவாகிவிட்டது. அப்பாவுக்கு விமானம் என்றாலே ஆகாது. அவர் வீட்டோடு இருந்துவிட்டார்.

ஜூன் மாதம் பத்து ராத்திரி. எட்டு ஒர்த்தோனாவில், கடைசி இரண்டு ரோமில். உறவுக்காரர்கள் எல்லோரும் திட்டினார்கள். அத்தனை ஆயிரம் செலவு பண்ணி வெனிஸ் பார்க்காமல் வருவார்களா? எட்டு நாளில் ஐந்து ஊர் மாறினால் பெட்டியைக் கட்டிப் பிரிப்பதிலேயே அம்மாவின் முழங்கால் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அம்மா வயதில் ஒருவரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் ஒரே இடத்தில் தங்கி, அங்கிருந்து சுற்றிவிட்டு இரவு அதே கட்டிலுக்குத் திரும்புவதுதான் நல்லது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ரோமிலிருந்து போவதற்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. ரயில் மலைகளுக்கு நடுவே சுல்மோனா வழியாக ஊர்ந்து போகும். காட்சி அழகு, ஆனால் நேரம் அதிகம். தீபுர்தீனா நிலையத்திலிருந்து கிளம்பும் பஸ் அதைவிடச் சீக்கிரம் பெஸ்காராவில் இறக்கிவிடும். பெஸ்காராவிலிருந்து ஒர்த்தோனாவுக்கு உள்ளூர் ரயில். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உள்ளூர் ரயில்களுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன்னால் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். கைப்பேசியில் வாங்கியிருந்தால் அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும். டிக்கெட் கையில் இருக்கிறதே என்று சும்மா உட்கார்ந்தால் அபராதம். எங்களுக்கு ஒரு கல்லூரிப் பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டிக்கொடுத்தாள்.

அப்புறம், ஒர்த்தோனா நிலையம் கடலோரத்தில், கீழே. ஊர் இருப்பது மேலே, செங்குத்தான மேட்டில். டாக்ஸி காத்துக்கொண்டு நிற்கும் என்று நினைக்காதீர்கள். தங்கும் வீட்டுக்காரரிடம் முதல் நாளே செய்தி அனுப்பிச் சொல்லிவைத்திருந்தேன், அவரே காரோடு வந்தார். மொத்தப் பயணத்திலும் நான் செய்த ஒரே முன்யோசனை அதுதான் என்று அம்மா சொல்வாள்.

சரி, பூட்டிய கதவுக்கு வருவோம். கதவில் ஒட்டியிருந்த தாளில் நேரம் எழுதியிருந்தது. மாலைதான் திறப்பார்கள். பக்கத்துக் கடைகளும் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. ஒரு மணிக்குத் தெருவில் எங்களையும் ஒரு பூனையையும் தவிர யாரும் இல்லை. வேறு வழியில்லாமல் நடந்தோம். கடலைப் பார்த்த மேட்டின் விளிம்பில் ஒரு நடைபாதை, அதன் முனையில் பதினைந்தாம் நூற்றாண்டு அரகோனியர் கோட்டை. கீழே துறைமுகம், பச்சையும் நீலமுமாகக் கடல். அம்மா கைப்பையிலிருந்து இட்லிப்பொடி தடவிய சப்பாத்தியை எடுத்தாள். சென்னையில் கட்டியது. பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தோமையாரை மறந்துவிட்டு இரண்டு மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மத்தியானம்தான் மீதி ஏழு நாட்களுக்கும் அட்டவணை போட்டுக் கொடுத்தது.

இத்தாலியச் சிறு ஊர்களின் பகல் நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை, நான்கு வரை கோவில், கடை, அலுவலகம் எல்லாம் தூங்கும். பெரிய நகரங்களில் இது அவ்வளவாகத் தெரியாது. கிராமங்களில் இதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. காலை எட்டரைக்குள் கிளம்பி ஒரு கோவில், மத்தியானம் முழுக்க வெளியே வயலோ மலையோ கடலோ, ஐந்து மணிக்கு மேல் இன்னொரு கோவில் என்று வைத்துக்கொண்டோம். ஜூனில் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரமே இல்லை. நிலக்காட்சி மத்தியானம் சாத்துவதில்லை.

ஐந்து மணிக்குத் திரும்பியபோது கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் அம்மாவுக்கு ஏமாற்றம். "நம்ம கோவில் இதைவிட அழகு," என்று என் காதில் சொன்னாள். உண்மைதான். சாந்தோமின் கூர்மாடத்துக்கு முன்னால் இது சாதாரணமாகத்தான் இருக்கிறது, பார்வைக்குப் புதுசாகவும் இருக்கிறது. காரணம் பிறகு தெரிந்தது. 1566இல் துருக்கியக் கப்பற்படை வந்து ஊரையும் கோவிலையும் எரித்தது. தோமையாரின் எலும்புகள் தப்பின. இரண்டாம் உலகப் போரில், 1943 டிசம்பரில், ஜெர்மானியர்கள் கோபுரத்துக்கு வெடி வைத்தார்கள், கோவிலில் பாதி சரிந்தது. நாங்கள் பார்த்தது போருக்குப் பின் எழுப்பிக் கட்டியது. இதைக் கேட்டதும் அம்மா அழகைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

கல்லறை கீழே நிலவறையில் இருக்கிறது. படி இறங்க வேண்டும். பலிபீடத்துக்கு அடியில் பொன் முலாம் பூசிய செம்புப் பேழை, அதற்குள் எலும்புகள். கியோஸிலிருந்து கூடவே கொண்டுவந்த கல்லறைக் கல்லையும் கோவிலுக்குள் வைத்திருக்கிறார்கள். அதில் கிரேக்க எழுத்தில் தோமாவின் பெயர். அம்மா முழங்கால் வலியை மறந்து மண்டியிட்டுவிட்டாள். நான் பின்னால் உட்கார்ந்து கைப்பேசியில் நேரம் பார்த்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் வந்து போனவர்கள் மூன்றே பேர். ரோமின் பெரிய ஆலயங்களில் கூட்டம் தள்ளிக்கொண்டே போகும், கண்ணை மூடினால் யாராவது இடிப்பார்கள். இங்கே ஓர் அப்போஸ்தலரோடு தனியாக உட்காரலாம், டிக்கெட்டும் கிடையாது.

மேலே வந்தபோது கோவிலைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர் அம்மாவின் சேலையைப் பார்த்துவிட்டு எங்கிருந்து என்று கேட்டார். இந்தியா, சென்னை என்றேன். புரியவில்லை. மயிலாப்பூர் என்றாள் அம்மா. அவர் முகம் மாறிவிட்டது. "மயிலாபுர்!" என்று திருப்பிச் சொல்லி, அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த இத்தாலியன் நாற்பது சொல். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். இவள் தோமையார் என்கிறாள், அவர் தொம்மாஸோ என்கிறார். சண்டையில்லாமல் முடிந்தது. மே மாதம் முதல் வார இறுதியில் இங்கே பெரிய திருவிழா, வெள்ளிச் சாவிகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து புனிதரின் வெள்ளிச் சிலையை வெளியே எடுப்பார்கள் என்று அவர் சைகையிலேயே விளக்கினார். தேதியைச் சரியாகப் பார்த்து டிக்கெட் போட்டிருந்தால் அதையும் பார்த்திருக்கலாம். தோமையாருக்காகப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் அம்மாவுக்கு மனத்தாங்கல். நாங்கள் போன பல கோவில்களில் மெழுகுவர்த்தி மின்சாரத்தில் எரிகிறது. காசு போட்டால் பிளாஸ்டிக் திரியில் விளக்கு மினுங்கும். "சுவிட்ச் போட்டா எரியறதெல்லாம் ஒரு மெழுகுவர்த்தியா?" என்று ஒவ்வொரு கோவிலிலும் கேட்டாள். சில்லறை எப்போதும் கையில் இருக்கட்டும். இந்த விளக்குக்கு மட்டுமில்லை, சில கோவில்களில் சுவரோவியத்துக்கு வெளிச்சம் போடவும் ஒரு யூரோ காசு கேட்கும் பெட்டி உண்டு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதிக்குச் சேலையைப் போல ஒரு தீர்வு கிடையாது. நான்தான் கையில்லாத சட்டைக்கு மேல் போட ஒரு துப்பட்டாவைத் தூக்கிக்கொண்டே அலைந்தேன்.

இரண்டாம் நாள் கடலோரம். ஒர்த்தோனாவிலிருந்து தெற்கே வாஸ்தோ வரை இருக்கும் கரைக்கு திராபொக்கிகளின் கரை என்று பெயர். திராபொக்கோ என்பது கரையிலிருந்து கடலுக்குள் கம்பங்கள் நட்டு, அதன் மேல் பலகை மேடை போட்டு, நீண்ட கழிகளில் பெரிய வலையைக் கட்டி இறக்கி ஏற்றும் மீன்பிடி மேடை. கொச்சியின் சீனவலை பார்த்தவர்களுக்கு உடனே புரியும், ஆனால் இது இன்னும் ஒல்லி, இன்னும் பைத்தியக்காரத்தனம். வெட்டுக்கிளி ஒன்று தண்ணீரில் கால் வைத்து நிற்பது போல இருக்கும். இப்போது பலவற்றில் மீன் பிடிப்பதைவிட மீன் பரிமாறுவதுதான் தொழில். மத்தியானச் சாப்பாடு கடலுக்கு மேல். முன்பதிவு கட்டாயம், அவர்கள் கொடுப்பதுதான் சாப்பாடு, பில் கனமாகத்தான் வரும். ஒரு முறை போகலாம். இரண்டாவது முறைக்கு அந்தக் காசில் நல்ல செருப்பு வாங்கலாம்.

கடலோரமாக ஓடிய பழைய ரயில் பாதையை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டு, விட்டுப்போன தடத்தைச் சைக்கிள் பாதை ஆக்கியிருக்கிறார்கள். நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பழைய சுரங்கங்களுக்குள்ளேயே சைக்கிள் போகிறது. மேடுபள்ளம் இல்லாத பாதை என்பதால் அம்மாவே நான்கு கிலோமீட்டர் நடந்தாள். வெயில் ஏறும் முன் முடித்துக்கொள்ளுங்கள், நிழல் குறைவு.

இந்தக் கரையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஃபொஸ்ஸாச்சேசியாவில் இருக்கும் சான் ஜொவான்னி இன் வெனெரே மடம். வீனஸ் தேவதையின் கோவில் இருந்த இடத்தில் யோவானுக்குக் கோவில் எழுப்பியதாகச் சொல்கிறார்கள், பெயரிலேயே இரண்டு பேரும் இருக்கிறார்கள். மஞ்சள் கல், சுற்றிலும் ஒலிவ மரங்கள், மரங்களின் தலைக்கு மேலே கடல். அம்மா அங்கே செபமாலை சொன்னாள், நான் புல்லில் தூங்கிவிட்டேன்.

அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் சங்ரோ ஆறு. அங்கே ஒரு போர்க் கல்லறை இருக்கிறது என்பது நான் வரைபடத்தில் தற்செயலாகப் பார்த்தது. முந்தின நாள் ஒர்த்தோனாவுக்குப் பக்கத்தில் கனடியக் கல்லறைக்குப் போயிருந்தோம். 1,600க்கும் மேற்பட்ட வெள்ளைக் கற்கள், பெரும்பாலும் 1943 டிசம்பரில் இறந்த கனடிய இளைஞர்கள். ஒர்த்தோனாவின் தெருக்களில் வீடு வீடாகச் சுவரை உடைத்துக்கொண்டு சண்டை நடந்ததாம். அந்த ஞாபகத்தில்தான் சங்ரோவுக்கும் வண்டியைத் திருப்பினேன். சரிவான மேடு, ஒலிவத் தோப்பு, ஆற்றுச் சமவெளி, அதற்குள் வரிசை வரிசையாகக் கற்கள். அதற்குள்ளேயே தனியாக ஒரு நினைவிடம். இங்கே சண்டையிட்டு இறந்து, தங்கள் மத வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் 500க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். எங்களுக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. சிங், ராம் என்று வாசித்துக்கொண்டே போன அம்மா நடுவில் நிறுத்திவிட்டாள். கோவிலுக்கு என்று காலையில் வாங்கிய பூங்கொத்து காரில் இருந்தது. அதைக் கொண்டுவந்து அங்கே வைத்தாள். எந்தச் செபம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இத்தாலியில் நாங்கள் பார்த்த புனிதத் தலங்களில் இதையும் சேர்த்துத்தான் அவள் இப்போது சொல்கிறாள்.

கார் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலைக்கு அது இல்லாமல் முடியாது. கிராம பஸ்கள் இருக்கின்றன, ஆனால் பள்ளிக்கூட நேரத்தை ஒட்டி ஓடும். ஞாயிற்றுக்கிழமை பல தடங்களில் பஸ்ஸே கிடையாது. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். கிளம்புவதற்கு முன் இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிட வேண்டும். காரை எடுக்கும்போது முன்பணத்துக்கு கிரெடிட் கார்டு கேட்பார்கள், அது ஓட்டுகிறவர் பெயரில் இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது அப்பாவின் கணக்கோடு சேர்ந்த டெபிட் கார்டு. கவுண்டரில் இருந்தவர் தலையை ஆட்டிவிட்டார். கடைசியில் வேறொரு கார்டின் வரம்பைச் சென்னைக்குப் போன் போட்டு உயர்த்த வைப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் போனது. கியர் இல்லாத வண்டி வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், குறைவாகத்தான் இருக்கும், விலையும் கூட. நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோட்டுக்குக் காசு, மஞ்சள் கோட்டில் நிறுத்தவே கூடாது. வலப்பக்கம் ஓட்டுவது இரண்டாம் நாளே பழகிவிடும். வட்டச் சந்திப்புகள்தான் கடைசி வரை வியர்க்க வைத்தன.

மயெல்லா மலைக்குப் போன நாள்தான் என் கணக்கில் பயணத்தின் உச்சம். ரோக்கமொரிச்சே என்ற கிராமத்துக்கு மேலே வண்டியை விட்டுவிட்டு, மஞ்சள் பூப்பூத்த புதர்களுக்கு நடுவே அரை மணி நேரம் பள்ளத்தாக்குக்குள் இறங்கினால், ஒரு பெரிய பாறை தாழ்வாரம் போலத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன் அடியிலேயே, பாறையோடு பாறையாக, சான் பர்தொலோமேயோ என்ற துறவி மடம். ஒரு சின்னத் தேவாலயம், கூடவே இரண்டு அறை, அவ்வளவுதான். கீழே பள்ளத்தாக்கு, எதிரே பச்சைச் சுவர் மாதிரி மலை. அம்மா பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போய்ட்டு வா, நான் இங்கேயே அவர்கிட்ட பேசிக்கிறேன்." இறங்குவது சுலபம், திரும்ப ஏறுவதுதான் கஷ்டம் என்பதை முதலிலேயே யோசித்தவள் அவள்தான். தண்ணீர் எடுத்துப் போங்கள், பிடிப்புள்ள காலணி போடுங்கள், மழை பெய்த மறுநாள் போக வேண்டாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்த மடத்தைப் புதுப்பித்துக் கட்டியவர் பியெத்ரோ தா மொர்ரோனே என்ற துறவி. இந்த மலையின் குகைகளில் காலம் கழித்த கிழவர். 1294இல், இரண்டு வருஷத்துக்கு மேல் போப்பைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த கர்தினால்கள் திடீரென்று இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாம் செலஸ்டின் என்ற பெயரோடு லாக்விலா நகரத்தில் முடிசூடினார். அதே வருஷம் டிசம்பர் 13இல் பதவியை விட்டு விலகிவிட்டார். அந்தப் பாறைக்கு அடியில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தால், போப் பதவி அவருக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அவருடைய உடல் லாக்விலாவின் கொல்லெமாஜ்ஜோ பேராலயத்தில் இருக்கிறது. 2009 ஏப்ரல் நிலநடுக்கத்தில் அதில் ஒரு பகுதி இடிந்து, மறுபடி கட்டப்பட்டது. நிலநடுக்கம் நடந்த அந்த மாதமே அங்கே வந்த போப் பதினாறாம் பெனடிக்ட், போப்புகள் தோளில் அணியும் கம்பளிப் பட்டையைச் செலஸ்டின் கல்லறையில் வைத்துவிட்டுப் போனார். நான்கு வருஷம் கழித்து அவரும் பதவி விலகினார். இந்தக் கதையை காரில் சொன்னபோது அம்மா, "சைகை காட்டியிருக்கார் மனுஷன்," என்றாள்.

லன்ச்சானோவும் மனோப்பெல்லோவும் அம்மாவின் நாட்கள். லன்ச்சானோவில் எட்டாம் நூற்றாண்டில் அப்பமும் திராட்சை இரசமும் சதையும் இரத்தமுமாக மாறியதாக நம்பப்படும் நற்கருணை அற்புதம். மனோப்பெல்லோவில் இயேசுவின் முகம் பதிந்ததாகச் சொல்லப்படும் மெல்லிய துணி, சுமார் 17க்கு 24 சென்டிமீட்டர்தான், வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. எனக்கு இவற்றில் எவ்வளவு நம்பிக்கை என்பது வேறு பேச்சு. அம்மா இரண்டு இடத்திலும் அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. நம்பிக்கை உள்ளவர்களோடு போகும்போது விளக்கம் சொல்லும் ஆசையை அறையிலேயே பூட்டிவிட்டு வர வேண்டும். முதல் நாள் ஒர்த்தோனாவிலேயே நான் அதைக் கற்றுக்கொண்டேன், கொஞ்சம் அடிபட்டு.

வெள்ளிக்கிழமை கிரான் சாஸ்ஸோ மலை. நவெல்லி என்ற ஊர் வழியாக ஏறினால் முதலில் ரோக்கா கலாஷோ. கடல் மட்டத்திலிருந்து 1,460 மீட்டர் உயரத்தில், நான்கு உருண்டைக் கோபுரங்களோடு உடைந்து நிற்கும் கோட்டை. அதற்குப் பக்கத்தில், மலைவிளிம்பில், எண்கோண வடிவில் ஒரு தனிக் கோவில். ஊருக்கு வெளியே காவல் தெய்வம் நிற்பது மாதிரி. கூட்டம் அதிகமான நாட்களில் காரைக் கீழேயே நிறுத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போனோம். அங்கிருந்து காம்போ இம்பெராத்தோரே. மலைகளுக்கு நடுவே மரமே இல்லாத புல்வெளி, நீளம் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் 2,912 மீட்டர் உயரக் கோர்னோ கிராந்தே சிகரம், ஜூனிலும் பள்ளங்களில் பனி. கடலோரத்தில் வியர்த்துக்கொண்டிருந்த நாங்கள் இங்கே ஸ்வெட்டருக்குள் சுருண்டோம். ஸ்வெட்டர் எடுக்கச் சொன்னது அம்மா. இத்தாலி ஜூன் என்றால் வெயில்தானே என்று வாதாடியது நான்.

அந்தக் காலத்தில் இந்தப் புல்வெளியிலிருந்து இலையுதிர்காலத்தில் ஆட்டு மந்தைகள் தெற்கே ஃபோஜ்ஜா சமவெளிக்கு நடந்தே போயின, வசந்தத்தில் திரும்பின. லாக்விலாவிலிருந்து ஃபோஜ்ஜா வரை அந்த மந்தைப் பாதை 244 கிலோமீட்டர். பாதையோரமெல்லாம் சின்னச் சின்னக் கோவில்கள் எதற்கு என்று எனக்கு அதற்கு முன் புரியவில்லை. இடையர்கள் கும்பிட்டுவிட்டுப் போவதற்கு.

ஃபோன்டே வெட்டிகா என்ற இடத்தில் இறைச்சிக்கடையில் ஆட்டுக்கறிக் குச்சிகளை வாங்கி, வெளியே இருக்கும் கரி அடுப்பில் நாமே சுட்டுக்கொள்ளலாம். அரோஸ்தீச்சினி என்று பெயர், உப்பைத் தவிர வேறெதுவும் சேர்ப்பதில்லை. பத்து வாங்கியபிறகுதான் அம்மா சொன்னாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமைடி." அவள் வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டாள். எனக்குச் சுட்டுக் கொடுத்துவிட்டு, ரொட்டியும் அடுப்பில் வாட்டிய சீஸும் சாப்பிட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குடும்பத்துப் பாட்டி அவள் தட்டைப் பார்த்து, என்ன கிழமை என்று யோசித்து, தன் மகனை முழங்கையால் இடித்துக் காட்டினாள். அந்த ஊரில் இன்னும் சிலருக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கிறது போல.

சைவம் சாப்பிடுகிறவர்களும் தைரியமாகப் போகலாம். கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா, மலைப்பயறுச் சூப், தக்காளியில் மிதக்கும் சீஸ் முட்டை உருண்டை என்று நிறைய இருக்கிறது. கறி இல்லாமல் என்று மட்டும் சொல்லாதீர்கள், மீன் இல்லாமல், கறிச்சாறு இல்லாமல் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பில்லில் ஆளுக்கு இரண்டு யூரோ கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம், அது உட்காருவதற்கும் ரொட்டிக்கும் போடுவது.

ஒர்த்தோனாவில் கடைசி மாலை மறுபடி நிலவறைக்குப் போனோம். சாந்தோமிலிருந்து ஒரு பாட்டிலில் கடற்கரை மணல் கொண்டுவந்திருந்தாள் அம்மா. எனக்குத் தெரியவே தெரியாது, இத்தனை நாளாகப் பெட்டியில் இருந்திருக்கிறது. அதைப் பெரியவரிடம் கொடுத்து, "மயிலாப்பூர்," என்றாள். அவர் வாங்கி மோந்து பார்த்தார்.

ஊர் திரும்பி நான்கு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. இத்தாலியில் பழைய நகரப் பகுதிகளுக்குள் வெளியூர் வண்டி நுழையக் கூடாத நேரங்கள் உண்டு. நுழைவாயிலில் வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டமும், மேலே ஒரு கேமராவும் இருக்கும். ஒரு நாள் மாலைப் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று வரைபடம் காட்டிய வழியில் கண்ணை மூடிக்கொண்டு போயிருந்தேன். கார் நிறுவனம் என் விலாசத்தைக் கொடுத்ததற்கென்று தனியாக ஒரு தொகையை ஏற்கெனவே கார்டில் பிடித்திருந்தது. இப்போது எண்பத்துச் சொச்சம் யூரோ அபராதம். கடிதத்தில் இருந்த இணைய முகவரியில் எண்ணைப் போட்டால் அந்த நொடியின் படம் வருகிறது. காரின் பின்பக்கம், கண்ணாடிக்குள் இரண்டு தலைகள், ஒன்றில் கொண்டை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "மொத்த டூர்லயும் நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற போட்டோ இது ஒண்ணுதான்டி. பிரிண்ட் போட்டுக் குடு."